நம்பர் மாறக் கூடாது

தம்பி வீட்டைவிட்டுப் போனபோது அவனுக்குப் பத்தொன்பது வயது. காலேஜில் அரியர் விழுந்ததை மறைத்துவிட்டான் என்று அப்பா கை நீட்டிவிட்டார். மறுநாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு போனவன் திரும்பவே இல்லை. பரங்கிப்பேட்டையில் பார்த்தேன், சென்னையில் பார்த்தேன் என்று யார் யாரோ சொன்னார்கள். போய்ப் போய்த் தேடினோம். அப்போது எங்கள் யாரிடமும் செல் கிடையாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் கடலூர் வீட்டு லேண்ட்லைன் நம்பர் ஒன்றுதான்.

அப்பா இறந்த பிறகு அம்மா அந்த வீட்டில் தனியாக இருந்தாள். நான் சிதம்பரத்தில். "எங்கூட வந்துடும்மா" என்று கூப்பிடும்போதெல்லாம், "ஃபோன எடுக்க ஆள் வேணாமா?" என்பாள். லைனை சிதம்பரத்துக்கு மாற்ற முடியுமா என்று விசாரித்தேன். ஊர்க் கோடு வேறு, நம்பர் மாறிவிடும் என்றார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பிறகு அந்த லைனும் சாகத் தொடங்கியது. ஒரு தூறல் விழுந்தால் போதும், கரகரவென்று இரைச்சல். செம்புக் கம்பியை இனி யாரும் பழுது பார்க்க மாட்டார்கள், ஃபைபருக்கு மாறிக்கொள்ளுங்கள் என்றார்கள். நான் இரண்டு மூன்று கம்பெனிகளை விசாரித்தேன். ஒன்றில் வாடகை குறைவு, ஒன்றில் வேகம் ஜாஸ்தி. அம்மா எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்டாள்: "இதே நம்பர் இருக்குமா?" இருக்கும் என்று சொன்னவர்களையே வைத்துக்கொண்டோம்.

மாட்ட வந்தவர் பொறுமையாக விளக்கினார். "பேச்சும் இப்ப நெட்டு வழியாத்தாம்மா போவும். இந்தப் பெட்டிக்குப் பின்னாடி உங்க பழைய ஃபோனையே சொருகிக்கலாம்."

"கரண்ட் போச்சுன்னா?"

"பெட்டி நின்னுடும். ஃபோனும் பேசாது. முன்னல்லாம் கம்பியிலயே கரண்ட் வந்துச்சு, இதுல அப்டி இல்ல. சின்ன யூபிஎஸ் ஒண்ணு வாங்கி மாட்டிடுங்க."

"வாங்கித் தந்துடறேம்மா" என்றேன். மறந்துபோனேன்.

அந்தக் கார்த்திகையில் புயல் வந்தது. கடலூரில் மூன்று நாள் கரண்ட் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரின் செல்லில் பேசி, அம்மா நன்றாக இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டேன். பஸ் ஓடத் தொடங்கியதும் போய்ச் சேர்ந்தேன். தெருவில் இன்னும் தண்ணீர் வடியவில்லை. அம்மா பெட்டிக்கு அருகே நாற்காலியைப் போட்டு, ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"புயல்னு டிவியில பாத்திருப்பான்டி. இந்த மூணு நாள்லதான் கூப்ட்டிருப்பான்."

மறுநாள் டெலிபோன் ஆபீசில் கேட்டேன். பெட்டி நின்றிருந்த நேரத்தில் யார் கூப்பிட்டார்கள் என்பதற்கு அவர்களிடம் கணக்கு இல்லை. திரும்பும் வழியில் யூபிஎஸ் வாங்கி மாட்டினேன். அம்மா என்னைத் திட்டவில்லை. "நீ என்ன பண்ணுவ, உனக்கும் குடும்பம் இருக்கு" என்றாள். திட்டியிருக்கலாம்.

அதற்குப் பிறகு அவள் இரண்டு வருடம் இருந்தாள். தினமும் காலையில் நான் கூப்பிடுவேன். முதல் மணியிலேயே எடுத்து, மூச்சுவிடாமல் "ஹலோ" என்பாள். என் குரலைக் கேட்டதும், "நீயா" என்பாள். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்தே சில நாள் கூப்பிடாமல் இருந்திருக்கிறேன்.

அவள் போன பிறகு வீட்டை வாடகைக்கு விட்டோம். இணைப்பை ஒப்படைக்கப் போனேன். கவுன்டரில் இருந்த பெண், "பழைய நம்பராச்சே மேடம், செல்லுக்குத் திருப்பி விட்டுக்கலாமே" என்றாள். வேண்டாம் என்றேன். என்றாவது அவன் கூப்பிட்டால் அம்மாவைத்தானே கேட்பான்? அதற்கு நான் என்ன பதில் சொல்வது?

அன்றைக்கு அது சரியாகத்தான் பட்டது. சில மாதம் கழித்து மனசு கேட்காமல் அந்த நம்பரைத் திரும்பக் கேட்டுப் போனேன். அது வேறு யாருக்கோ போய்விட்டது என்றார்கள்.