நான் கெடுத்த ரத்தம்

பல்லாவரத்தில் ஒரு லேபில் பதினாலு வருஷமாக ரத்தம் எடுக்கிறேன். குண்டுக் கையோ வற்றிய கையோ, எனக்கு ஒரே குத்தில் நரம்பு கிடைத்துவிடும். அப்படிப்பட்ட என்னிடம் போய், இனிமேல் சர்டிபிகேட் இருந்தால்தான் டெஸ்ட் பார்க்கலாம், இல்லையென்றால் பில் போடும் மேஜைக்குப் போ என்றார்கள். வந்ததே கோபம்! பில் போடவா இத்தனை வருஷம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன்? சரி, பரீட்சைதானே, ஒரு கை பார்த்துவிடலாம் என்று பெயர் கொடுத்தேன்.

பிராக்டிகல் தாம்பரத்தில் நடந்தது. வந்தவர்கள் ஜோடி சேர்ந்து, ஒருவருக்கொருவர் ரத்தம் எடுத்து, பொட்டாசியம் பார்த்து எழுத வேண்டும். என் ஜோடி ஒரு அனகாபுத்தூர்க்காரி.

நான் குத்தி எடுத்ததும், "வலிக்கவே இல்லக்கா" என்றாள். அந்தப் பெருமையில், ஊசியைக் கழற்றாமலே சிரிஞ்சிலிருந்து ரத்தத்தை டியூபுக்குள் வேகமாகப் பீய்ச்சிவிட்டேன். லேபில் புதிதாகச் சேருகிறவர்களை நான் தினமும் திட்டுகிற அதே தப்பு. ஊசித் துளையில் நசுங்கினால் ரத்த அணு உடையும். உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே வந்து, நன்றாக இருப்பவளைக்கூட ஆபத்தில் இருப்பதாகக் காட்டும்.

மெஷினில் சுற்றி எடுத்தேன். மேலே மஞ்சளாகத் தெளிய வேண்டிய நீர் ரோஸாக இருந்தது. அடிப்பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

"லேசாத்தான்க்கா கீது. யானைக்கும் அடி சறுக்கும். நம்பரைப் போட்டுக் குடுத்துடு" என்றாள் அவள்.

எனக்குக் கை வரவில்லை. 'சாம்பிள் சரியில்லை, மறுபடி எடுக்க வேண்டும்' என்று எழுதி வைத்தேன்.

தேர்வாளர் வந்து தாளைப் பார்த்தார். "நம்பர் எங்கம்மா?"

"போடல சார். போட்டா தப்பான ரிப்போர்ட்."

"நம்பர் இல்லன்னா ஃபெயில் ஆயிடுவீங்க, தெரியும்ல? யார் எடுத்த ரத்தம் இது?"

"நான்தான் சார். அவசரத்துல கெடுத்துட்டேன். இன்னொரு தடவை எடுக்க விடுங்க."

"டைம் முடிஞ்சுதும்மா" என்று தாளை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பில் மேஜைதான் என்று முடிவு கட்டினேன். அழுகை முட்டியது. ஆனால் எழுதியதைப் பற்றி எள்ளளவும் வருத்தமில்லை.

பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது பின்னாலிருந்து அவர் கூப்பிட்டார். ஃபெயில் என்று நேரிலேயே சொல்லப் போகிறார் போல. சொல்லட்டுமே என்று நிமிர்ந்து நின்றேன்.

"எங்கம்மாவுக்கு நாளைக்குப் பொட்டாசியம் பார்க்கணும். அஸ்தினாபுரத்துல வீடு. நீங்களே வந்து ரத்தம் எடுக்கறீங்களா?"