ரங்கூனுக்கு யார் போவது என்று முடிவு செய்த ஆட்டம்

சோலைமலையை நான் ஏமாற்றினேன். முடிவு தெரிந்த ஆட்டத்தை, தெரியாதவன் போல் அவன் முன்னே வைத்தேன். இத்தனை வருடங்களாக எவரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

இரண்டாம் உலகச் சண்டைக்கு முந்தைய காலம். மதுரையில் அமெரிக்கப் பாதிரிமார் நடத்திய பள்ளி ஒன்றில் நான் இங்கிலீஷ் வாத்தியார். சோலைமலை டிரில் மாஸ்டர். தலைமையாசிரியர் ஓர் அமெரிக்கத் துரை. அவருடைய ஊர் ஏதோ ஏரிக்கரைச் சிற்றூர்தான். ஆனால் அந்த ஊருக்கென்றே, சம்பளம் வாங்கி ஆடும் கால்பந்துக் குழு ஒன்று இருந்தது!

கால்பந்து என்பது பெயரில்தான். பப்பாளிக்காய் வடிவத்தில் ஒரு பந்து. அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓட, மற்றவர்கள் மேலே விழுந்து அமுக்குவார்கள். "இது நம்ம மஞ்சுவிரட்டுல்ல அண்ணே" என்றான் சோலைமலை, முதல் நாளே. அன்றிலிருந்து அவனுக்கு அந்தக் குழுவின் மேல் பைத்தியம். எனக்கும்தான்.

மர ஆலைக் கூலிகள் தொடங்கிய குழுவாம். காசில்லாமல் கலைய இருந்த சமயத்தில், ரொட்டிக்கடைக்காரர் முதல் முடிவெட்டுகிறவர் வரை பங்கு போட்டுக் காப்பாற்றினார்களாம். ஆட்டத்தன்று கடையடைப்பு. கொட்டும் பனியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பெண்களும் தொண்டை கிழியக் கத்துவார்களாம். மதுரை வெயிலில் உட்கார்ந்து அந்தப் பனியின் கதையை எத்தனை ஆசையாகக் கேட்டோம்!

துரைக்கு அவர் ஊர்ச் செய்தித்தாள்கள் கப்பலில் மொத்தமாக வரும். அவர் அவசரப்பட மாட்டார். சனிக்கிழமைதோறும் ஒரே ஒரு தாளை எடுத்து எங்களுக்கு வாசித்துக் காட்டுவார். எப்போதோ முடிந்த ஆட்டம் எங்களுக்கு அன்றுதான் நடக்கும். முடிவை முன்கூட்டிப் பார்ப்பதில்லை என்று மூவரும் பேசி வைத்திருந்தோம்.

நான் பார்த்தேன். துரை வாசலில் யாருடனோ பேசப் போன நேரத்தில், அடுக்கின் அடியிலிருந்த கடைசித் தாளை உருவினேன். ஏன்? ஆவல்... வெறும் ஆவல்! எங்கள் குழு ஒரே புள்ளியில் தோற்றிருந்தது. கடைசியில் உதைத்த பந்து, புள்ளி தரும் இரண்டு கம்பங்களுக்கு நடுவே போகாமல் வெளியே போயிருந்தது.

அதோடு நின்றிருந்தால்...

அந்த வாரமே சோலைமலைக்கு ரங்கூனிலிருந்து அழைப்பு வந்தது. அவன் மாமா இருந்த அரிசி ஆலையில் மேஸ்திரி வேலை. அவனோ, அவன் தம்பி முத்துவோ, ஒருவர் போகலாம்.

"ஒண்ணும் ஓடலண்ணே. கொலசாமி முன்னால பூக்கட்டிப் பாக்கப் போறேன்" என்றான். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிப் போட்டு, கைக்கு வருவதன்படி நடப்பது அவர்கள் வீட்டு வழக்கம்.

அவன் போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? வேறு நண்பன் கிடையாது. அந்தப் பயத்தில் சொன்னேன்: "பூ எதுக்கு மாப்ள? கடைசி ஆட்டம் இருக்குல்ல. நம்மாளுக செயிச்சா நீ போ. தோத்தா முத்துவ அனுப்பு."

"அதுவும் சாமி சொல்றதுதான்" என்றான்.

கடைசித் தாளைத் துரை வாசித்த அன்று அவன் என் கையை இறுகப் பிடித்திருந்தான். நானும் பதறுவது போல் நடித்தேன்... எவ்வளவு நன்றாக நடித்தேன்! மறுமாதம் முத்து கப்பலேறினான்.

பிறகு ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான். காட்டு வழியே நடந்து திரும்பியவர்களில் முத்து இல்லை. இன்றுவரை வரவில்லை.

சோலைமலையையாவது காப்பாற்றினாயே என்பீர்களா? நானும் அப்படிச் சொல்லிப் பார்த்தேன். மனம் ஏற்கவில்லை. ரங்கூனுக்கு என்ன நேரும் என்று எனக்கென்ன தெரியும்? நான் கேட்டது பேச்சுத் துணை. அதற்காக இன்னொருவனைக் கப்பலேற்றினேன்.

சோலைமலை என்னைக் குறை சொல்வதில்லை, சாமியையும் சொல்வதில்லை. பந்தை உதைத்த அந்த முகம் தெரியாத அமெரிக்கனைத்தான் திட்டுகிறான். போன வாரம் சிம்மக்கல் காப்பிக் கடையிலும் அதே பேச்சு.

"அம்புட்டுக் கிட்ட நின்னு எப்பிடிண்ணே விட்டான்?"

"காத்து அடிச்சிருக்கும்" என்றேன்.

அவன் காப்பியைத் தள்ளி வைத்தான். "வேணும்னே செஞ்சிருப்பானோ?"

"இல்ல மாப்ள. அவன் மேல தப்பில்ல."

பின்னே யார் மேல் என்று அவன் கேட்கவில்லை. இருவர் காப்பிக்கும் நானே காசு கொடுத்தேன்.