அச்சேறாத நன்றி போஸ்டர்

நடந்தவை இவ்வளவுதான்.

1. பேரூராட்சித் தலைவர் தேர்தலில் பெரியப்பா நின்றார்.
2. வாக்கு எண்ணிக்கைக்கு முதல் நாள் மத்தியானம், தன் நன்றி போஸ்டரைப் பார்க்க எங்கள் அச்சகத்துக்கு வந்தார்.
3. எதிர் வேட்பாளரின் நன்றி போஸ்டர் கட்டுக்கட்டாக இருந்தது. அவருடையது இல்லை.
4. அப்பா ஒரு பொய் சொன்னார்.
5. மறுநாள் பெரியப்பா ஜெயித்துவிட்டார்.

ஐந்தாவதை யாரும் எதிர்பார்க்கவில்லை. அப்பாவும்தான்.

முடிவு தெரிந்த சாயங்காலமே சுவர்களில் நன்றி சொல்லியாக வேண்டும் என்பதால், எங்கள் பக்கத்து அச்சகங்களில் எண்ணிக்கைக்கு முன்பே எல்லா வேட்பாளர்களுக்கும் அடித்து வைத்துவிடுவார்கள். ஜெயித்தவர் கட்டு சுவருக்குப் போகும். மற்றது வேஸ்ட் பேப்பர். எதிராளிக்கு அடித்துக் கொடுப்பதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. பெரியப்பாவே, "அவனுக்கும் நம்மகிட்டதானா ஆர்டர்? நல்லா அடி. மூஞ்சிய மட்டும் கொஞ்சம் மங்கலா விடு" என்று சொல்லியிருந்தார்.

எங்கள் பள்ளிக்கூடத்தில்தான் எண்ணிக்கை. அதனால் எனக்கு லீவு, அச்சகத்தில் இருந்தேன். பெரியப்பா வெள்ளைச் சட்டை கசங்காமல் வந்து, வெட்டி அடுக்கியிருந்த பேப்பர் கட்டின் மேல் உட்கார்ந்தார்.

"என்னுது எங்கலே?"

"பேப்பர் லோடு வரலண்ணே. காலையில ஓட்டிருவோம்" என்றார் அப்பா.

பெரியப்பா தன் தொடைக்குக் கீழே இருந்த கட்டைத் தட்டினார். "அப்ப நான் எதும்மேலலே உக்காந்திருக்கேன்?"

மிஷின்காரர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அப்பா கையிலிருந்த மையைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். சுவரோரம் பெரியப்பாவின் போஸ்டரை அச்சடிக்க எடுத்த பிளேட் சாத்தியிருந்தது. ஆஃப்செட் பிளேட்டில் எழுத்து நேராகவே தெரியும், வாசிக்கலாம். தகட்டில் கும்பிட்டபடி நின்ற தன்னையே அவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தோத்துருவேன்னு நீயே முடிவு பண்ணிட்டியா?"

தனக்காக வாங்கி வைத்திருந்த காபியைக் குடிக்காமல் பெரியப்பா போய்விட்டார்.

"கூடப்பெறந்தவுகளுக்கு நாலு பேப்பர் ஓட்டுனா என்ன கொறஞ்சா போயிரும்?" என்று வீட்டில் அம்மா கேட்டாள்.

"இன்னொரு தடவ அவுகளக் கூட்டி அள்ள என்னால முடியாது" என்றார் அப்பா.

அவர் கூட்டி அள்ளியதை நானும் பார்த்திருந்தேன். முந்தைய தேர்தலில் பெரியப்பாவுக்கு அடித்த நன்றி போஸ்டரெல்லாம், அவர் தோற்றதும் வேஸ்ட் பேப்பரோடு எடைக்குப் போனது. எங்கள் ஊரில் அந்தப் பேப்பர் போகிற இடம் ஒன்றுதான்: வெடிக்குக் குழாய் சுருட்ட. அடுத்த வருடத் தீபாவளிக்கு நாங்கள் போட்ட வெடியிலிருந்து பெரியப்பா தெருவெங்கும் சிதறினார்.

"ஏய், இங்கன பெரியப்பா மூக்கு!"

"எனக்கு மீசை கெடச்சிருக்கு!"

பிள்ளைகளெல்லாம் போட்டி போட்டுப் பொறுக்கினோம். பெரியப்பாவும் வாசலில் நின்று, "பத்திரமா ஒட்டி வைங்கலே, அடுத்த எலெக்சனுக்கு ஆகும்" என்று சிரித்தார். அப்பா மட்டும் விளக்குமாற்றை எடுத்துவந்து தெருக்கோடி வரை கூட்டினார். அவர் விளக்குமாறு பிடித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. தீபாவளியன்று தெரு சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறார்போல என்று எடுத்துக்கொண்டேன். பெரியப்பா போஸ்டரை அவர் அடிக்காமல் விட்டதையும் பேப்பரில் சிக்கனம் என்றே எடுத்துக்கொண்டேன். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

பெரியப்பா ஜெயித்த செய்தி வந்ததும் அப்பா தானே பிளேட்டை மிஷினில் ஏற்றினார். அம்மா பெரியப்பா வீட்டுக்குப் போன் செய்து, சாயங்காலத்துக்குள் கொடுத்துவிடுகிறோம் என்றாள். சாத்தூரில் ஓர் அச்சகத்தில் கொடுத்தாயிற்று என்று பதில் வந்தது. அப்பா பிளேட்டைக் கழற்றினார். தெருவில் வெடிச்சத்தம் அடங்க வெகுநேரமானது.

பெரியப்பா ஒரு தடவைதான் தலைவராக இருந்தார். அடுத்த முறை கட்சி சீட் தரவில்லை. கட்சி மாறினார், அங்கேயும் தரவில்லை. இப்போது பதவி எதுவும் இல்லாமல் ஆமத்தூரில் இருக்கிறார். கல்யாண வீடுகளில் அண்ணனும் தம்பியும் வேறு வேறு பந்தியில் உட்காருகிறார்கள்.

அச்சுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு அச்சகத்தை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். பழைய பிளேட்டுகளை எடைக்குப் போடும்போதெல்லாம் பெரியப்பாவின் அந்த ஒன்றை மட்டும் அப்பா தனியே எடுத்து வைத்துவிடுகிறார். போன தடவை, அன்றைக்கு ஏன் அடிக்கவில்லை என்று பெரியப்பாவிடம் நான் போய்ச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"இனிமே எதுக்கும்மா? விடு."

பிளேட் பீரோவுக்குப் பின்னால் இருக்கிறது. பெரியப்பாவுக்குக் காரணம் இன்னும் தெரியாது.