நூற்று நாற்பத்து மூன்று பேரும் அவர்கள் குறிப்புகளும்

1998ஆம் வருஷம் ஆகஸ்ட் 16, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிஷம். வெளியே தூறல். ஓசூரின் ஆகஸ்ட் தூறல் ஆளை நனைக்காது, கொடியில் போட்ட துணியைக் காயவும் விடாது. மூக்கண்டப்பள்ளி வீட்டின் முன்னறையில் மருமகனின் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பிரிண்டரிலிருந்து வந்த தாள்களை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தேன். ஐந்தாவது தாளில் என் பெரியப்பாவின் வாழ்க்கை முழுவதும் நான்கு வரியில் இருந்தது. 1911இல் பிறந்தார். 1934இல் திருமணம் செய்துகொண்டார். 1979இல் கிருஷ்ணகிரியில் ரசம் வரவில்லை. 1995இல் இறந்தார்.

இரண்டாம் முறையும் படித்தேன். ரசம் அப்போதும் வரவில்லை.

செப்டம்பர் 11 வெள்ளிக்கிழமை எனக்கு அறுபதாம் கல்யாணம். வருகிறவர்களுக்குத் தேங்காய்ப் பையோடு எங்கள் வம்சாவளியை ஒரு புத்தகமாகக் கொடுப்பது என் ஆசை. தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்த மருமகன், குடும்ப மரம் போடும் புரோகிராம் ஒன்றை எங்கிருந்தோ வாங்கி வந்தார். ஆட்களை ஒவ்வொருவராக அடிக்க வேண்டாம், மாமா, உங்கள் மச்சினனிடம் பழைய லிஸ்ட் இருக்கிறதே என்றார். இருந்தது. 1993இல் என் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைப்பதற்காக, பெங்களூரில் வேலை பார்த்த என் மனைவியின் தம்பி எங்கள் சொந்தக்காரர்களை எல்லாம் ஒரு பிளாப்பியில் ஏற்றியிருந்தான். அதை இந்தப் புரோகிராமுக்குள் இழுத்துக்கொண்டோம். பிறந்த தேதி, இறந்த தேதிகளை நான் தாளில் எழுதிக் கொடுக்க, மருமகன் அடித்தார்.

பிளாப்பியில் ஆட்களும் முகவரியும் மட்டும் இல்லை. பத்திரிகை வைக்கப் போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய எல்லாவற்றையும் மச்சினன் தன் அக்காவிடம் கேட்டுக் கேட்டு, தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து வைத்திருந்தான். யார் வீட்டுக்குப் புருஷன் பெண்டாட்டி இருவரும் போக வேண்டும், யாருக்குத் தபாலில் அனுப்பினால் போதும், யார் யாரோடு பேசுவதில்லை, யாருக்கு எந்தக் கல்யாணத்தில் என்ன மனக்குறை. அன்றைக்கு நான் முகவரிகளை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டேன், மற்றதைப் படிக்கவில்லை. புதுப் புரோகிராம் இவை எதையும் தள்ளவில்லை. ஒவ்வொன்றையும் அந்த ஆளின் வாழ்க்கையில் நடந்த சம்பவம் என்று எடுத்துக்கொண்டு, வருஷமும் ஊரும் போட்டு, வாக்கியமாக்கி, பிறப்புக்கும் இறப்புக்கும் நடுவில் செருகிவிட்டது. 

சமையலறையைப் பார்த்துக் கூப்பிட்டேன். மனைவி கையில் பூண்டுத் தோலோடு வந்தாள்.

"என்னென்ன சொல்லி வச்சிருக்கே உன் தம்பிகிட்ட? எங்க சித்தப்பா சர்க்கரைன்னு சொல்லமாட்டாரு, பாயசம் கேட்டா பாதி டம்ளர் குடுங்கன்னு இருக்கு."

"ஆமா. முழு டம்ளர் குடுத்தா யார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடறது?"

"அடுத்த தாள்ல ஒருத்தரு, பொண்டாட்டி கையில பத்திரிகை குடுத்தா அவருக்குக் கோவம் வரும்னு இருக்கு."

"வந்துச்சே. நீங்கதான் குடுத்தீங்க."

"பெரியப்பாவுக்கு ரசம்..."

"பந்தியில தன் இலைக்கு ரசம் வரலைன்னு சாகற வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தாரு மனுஷன். நடந்ததைத்தானே சொல்லியிருக்கேன்?"

மருமகன் திரையைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பன்னிரண்டாம் தாளில் என் அக்கா இருந்தாள். "நேர்ல போகணும், ரெண்டு பேரும். ரெண்டு தடவை கூப்பிட்டா வரமாட்டாங்க. மூணாவது தடவை கூப்பிட்டா வருவாங்க." புரோகிராமின் கணக்குப்படி இது 1993இல் ஊத்தங்கரையில் நடந்த சம்பவம்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். எங்கள் தாய்மாமனையே கட்டிக்கொண்டு ஊத்தங்கரையில் இருந்தாள். 1993இல் என் மகள் கல்யாணத்துக்கு அவளை நேரில் போய் ஒரு முறை அழைத்தேன், போனில் ஒரு முறை அழைத்தேன். இரண்டு முறையும் "பாக்கலாம்" என்றாள். வரவில்லை. அதன் பிறகு ஐந்து வருஷம் என் வாசலை மிதிக்கவில்லை. 1965இல் எங்கள் கல்யாணத்தில் முதல் முடிச்சை நான் போட, மற்ற இரண்டு முடிச்சையும் போட்டவள் அவள். அறுபதாம் கல்யாணத்தில் தாலி மறுபடி கட்ட வேண்டும். முடிச்சைப் போடக் கூடப் பிறந்தவள் வேண்டும். எனக்கு இருப்பது ஒரே அக்கா. போன வாரம்தான் நானும் மனைவியும் தாம்பாளத்தில் பழம், வெற்றிலை வைத்து நேரில் போய் அழைத்துவிட்டு வந்திருந்தோம். "பாக்கலாம்" என்றாள். இந்த நேரத்தில் இந்த வரி அவள் கண்ணில் பட்டால் முடிச்சுப் போட வரவே மாட்டாள்.

"இதை மொதல்ல அழிங்க" என்றேன் மருமகனிடம்.

மனைவி சொன்னாள்: "அழிக்கிறதுக்கு முன்னால ஒரு தடவை படிச்சிப் பாருங்க."

"படிச்சிட்டுத்தானே அழிக்கச் சொல்றேன்?"

அவள் பூண்டு உரிக்கப் போய்விட்டாள்.

சுத்தம் செய்வது நான் நினைத்த மாதிரி ஒரு நாள் வேலையாக இல்லை. புரோகிராமில் பிறப்பு, திருமணம், தொழில், முகவரி என்று சொந்தத் தலைப்புகள் உண்டு. அதற்குத் தெரியாத எதற்கும் அது புதிதாக ஒரு தலைப்பை உண்டாக்கியிருந்தது. எண்ணினேன். முப்பத்தேழு புதுத் தலைப்பு, இருநூற்றுப் பதினொரு குறிப்பு. 'கோபம்' தனித் தலைப்பு. 'பேச்சு இல்லை' தனித் தலைப்பு. இவற்றுக்கு எதிரே உள்ள டிக்கை எடுத்துவிட்டால் அறிக்கையில் வராது, அது சுலபம். 'குறிப்பு' என்ற தலைப்புதான் பாடுபடுத்தியது. ஒருவர் கூட்டுறவு வங்கியில் வேலை பார்ப்பதும், இன்னொருவர் நாற்காலி போட்டால்தான் உட்காருவார் என்பதும் அதற்குள்ளேயே இருந்தன. அவசரப்பட்டுத் தலைப்பையே அழித்தேன். அறுபத்து நான்கு பேர் ஒரே நொடியில் வேலை இழந்தார்கள். மருமகன் பிளாப்பியிலிருந்து மறுபடி ஏற்றி எல்லோரையும் வேலையில் சேர்த்தார். பிறகு ஒவ்வொரு குறிப்பாகத் திறந்து, வேலையை விட்டுவைத்து வம்பை எடுத்தேன். முகவரிகளைத் தொடவில்லை. முகவரியில் யார் என்ன வம்பு வைக்க முடியும்?

இன்னொரு சங்கடமும் இருந்தது. புரோகிராம் மொத்தம் 143 பேர் என்றது. நான் விரல் விட்டு எண்ணினால் 142. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. பிறந்த குழந்தை எதையாவது மறந்துவிட்டேனா என்று மகளிடம் கேட்டேன், மனைவியிடம் கேட்டேன்.

"ஒருத்தர் கூட இருந்தா என்ன கெட்டுப்போச்சு? இலை ஒண்ணு கூடப் போட்டுட்டாப் போச்சு" என்றாள் மனைவி.

சமையல்காரரிடம் அப்படியே சொன்னேன்: கணக்குக்கு மேல் ஓர் இலை.

திருத்திய அறிக்கை அறுபது பக்கம் வந்தது. நான் கைவைத்த பக்கங்களை எல்லாம் சரிபார்த்தேன். பாகலூர் ரோட்டில் ஜெராக்ஸ் கடையில் நாற்பது பிரதி எடுத்து, சுருள் கம்பி போட்டு வாங்கினேன். செப்டம்பர் 3ஆம் தேதி அக்காவுக்குப் போன் செய்தேன். "பாக்கலாம் போ" என்றாள். 1993இல் சொன்னதே. அவள் பிறந்ததும் அவள் கல்யாணமும் அச்சில் வந்திருப்பதைப் பார்த்தால் மனம் இளகும் என்று நினைத்து, ஒரு பிரதியை அன்றைக்கே ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினேன்.

செப்டம்பர் 8, செவ்வாய்க்கிழமை. காலை ஆறு மணி பத்து நிமிஷத்துக்குப் போன் அடித்தது. ஊத்தங்கரையிலிருந்து மாமா. தாலுகா ஆபீஸில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், ஆங்கிலம் படிப்பார். அக்கா படிக்கமாட்டாள்.

"ஏம்பா, புஸ்தகம் நல்லா இருக்குது. முப்பத்தொண்ணாம் பக்கம் பாத்தியா?"

"என்ன மாமா?"

"நானும் எங்க வீட்டு அட்ரஸும் இருக்குது. அட்ரஸ் படிக்கிறேன் கேளு. கச்சேரி வீதி, ஊத்தங்கரை. நேர்ல போகணும், ரெண்டு பேரும். ரெண்டு தடவை கூப்பிட்டா வரமாட்டாங்க..."

அப்போதுதான் 143 புரிந்தது. மச்சினன் இரண்டு லிஸ்ட் போட்டிருக்கிறான்: ஒன்று என் கூடப் பிறந்தவர்கள், ஒன்று என் அம்மாவின் கூடப் பிறந்தவர்கள். மாமாவைக் கட்டியதால் அக்கா இரண்டிலும் வருவாள். ஒன்றில் என் அப்பாவின் மகளாக, பள்ளிக்கூடப் பெயரில். இன்னொன்றில் மாமாவின் மனைவியாக, வீட்டுப் பெயரில். மாமாவுக்கு இரண்டிலும் ஒரே பெயர், அதனால் அவர் ஒருவராகவே நின்றார். புரோகிராம் அவளை இரண்டு பெண்களாக்கிவிட்டது. முதல் அக்காவின் குறிப்பை அழித்தேன். இரண்டாவது அக்காவின் குறிப்பு முகவரியோடு ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

போன் கை மாறியது.

"ஏண்டா, இதை எவன் எழுதனான்?"

"மச்சினன் டைப் பண்ணது அக்கா. கம்ப்யூட்டர் பண்ண தப்பு. நான் எல்லாத்தையும் அழிச்சேன், இது ஒண்ணு..."

"எவன் எழுதனான்னா, யாரு சொல்லி எழுதனான்?"

மனைவி என் கையிலிருந்து ரிசீவரை வாங்கிக்கொண்டாள். அக்காவின் குரல் எனக்கும் கேட்டது. அது எப்போதும் தெருவுக்கே கேட்கும்.

"நாந்தான் சொன்னேன் அண்ணி."

"உனுக்கு எப்பிடித் தெரியும்?"

"முப்பத்துமூணு வருசமா உங்களுக்குப் பரிமாறியிருக்கேன். சோறு வேணுமான்னா ரெண்டு தடவை இலைமேல கையை வச்சி மறைப்பீங்க. மூணாவது தடவை கேட்டா கையை எடுப்பீங்க."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு வெடித்தது. மனைவி ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள்.

"அவங்கிட்ட குடு. ஏண்டா, வீட்டுக்கு வந்தவளுக்குத் தெரியுது. கூடப் பொறந்தவனுக்குத் தெரியலயேடா! எத்தினி தடவை கூப்பிட்ட?"

"ரெண்டு ஆச்சு அக்கா."

"எண்ணிகினு உக்காந்துகினு இருக்கியா? தொண்ணூத்தி மூணுலயும் இப்பிடித்தான் எண்ணிகினு உக்காந்திருந்தியா?"

"அப்ப இப்ப கூப்பிடறேன். வந்துடு அக்கா."

"போன்லயா? புஸ்தகத்துல என்னா போட்டிருக்குது? நேர்ல, ரெண்டு பேரும்."

மனைவி அதற்குள் பட்டுப்புடவை எடுக்கப் போய்விட்டாள்.

ஏழரை மணிக்கு வாடகை அம்பாசடர் வந்தது. டிரைவர் ஆனேக்கல்காரர், பாதி கன்னடத்திலும் பாதி தமிழிலும் பேசினார். குருபரப்பள்ளியில் டீ குடித்தோம். கிருஷ்ணகிரியில் பழம், வெற்றிலை பாக்கு, நான்கு முழம் மல்லிகை வாங்கினோம். வழி முழுக்க, மிச்சம் முப்பத்தொன்பது பிரதியிலும் முப்பத்தொன்றாம் பக்கத்தில் வெள்ளைத்தாள் ஒட்ட எத்தனை பசைக்குப்பி வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன்.

அக்கா வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு துணிப்பை. நடையில், செருப்புக்குப் பக்கத்தில், வாய் கட்டித் தயாராக இருந்தது. மாமா சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாம்பாளத்தை நீட்டினோம்.

"அக்கா, வெள்ளிக்கிழமை வந்து முடிச்சுப் போடணும்."

"வரேன்டா" என்றாள். பாக்கலாம் என்று சொல்லவில்லை.

கார் டிக்கியில் பையை வைக்கும்போது கேட்டேன்: "எப்ப எடுத்து வச்ச பையை?"

"நீங்க மொத தடவை வந்துட்டுப் போனீங்களே, அன்னிக்கு. தொண்ணூத்தி மூணுலயும் இதே பைதான். கல்யாணத்தன்னிக்குக் காத்தால எட்டு மணி வரைக்கும் போன் பக்கத்துலயே உக்காந்துகினு இருந்தேன்."

டிக்கியை மூடினேன். மாமா சொன்னார்: "நான் அப்பவே சொன்னேன், நீயா கெளம்பிப் போயேன்னு. கேட்டாளா?"

"கூப்பிடாம போறதுக்கு நான் என்னா கடன் வசூலுக்கா போறேன்?"

வெள்ளைத்தாள் ஒட்டும் யோசனையைக் காரில் சொன்னேன். அக்கா ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றாள்.

"அப்பிடியே குடு எல்லாருக்கும். படிச்சித் தெரிஞ்சிக்கட்டும். இனிமே எவனும் ரெண்டோட நிறுத்தமாட்டான்."

ஓசூர் வந்து இறங்கும்போது டிரைவரைப் பார்த்து, "வெள்ளிக்கிழமை சாப்பிட வந்துடுப்பா" என்றாள். வேணாம்மா, டூட்டி இருக்கு என்றார். மறுபடி கூப்பிட்டாள். இல்லம்மா என்றார். மூன்றாம் முறை கூப்பிட்டாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு "பர்த்தீனி, வரேம்மா" என்றார்.

வெள்ளிக்கிழமை முதல் முடிச்சை நான் போட்டேன். மற்ற இரண்டையும் அக்கா போட்டாள். அவிழாது பார் என்று இழுத்தும் காட்டினாள். பந்தியில் சோறு வேணுமா என்று நானே போய்க் கேட்டேன். இலைமேல் கையை வைத்தாள். இன்னும் இரண்டு தடவை கேட்டேன். கணக்குக்கு மேல் போட்ட இலையில் அம்பாசடர் டிரைவர் உட்கார்ந்து, ரசம் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

செலவு: புத்தகம் நாற்பது பிரதி, முப்பத்தெட்டு ரூபாய் வீதம், 1,520. ரிஜிஸ்தர் தபால் 22. கார் 208 கிலோமீட்டர், நாலு ரூபாய் வீதம், டிரைவர் படியோடு 882. பழம், வெற்றிலை, மல்லிகை 96 ரூபாய் 50 காசு. போகவும் வரவும் டீ 16. கூடப் போட்ட இலை ஒன்று, 35. ஆக மொத்தம் இரண்டாயிரத்து ஐந்நூற்று எழுபத்தொரு ரூபாய் ஐம்பது காசு.