கரண்ட் விற்றவர் கடையை மூடியபோது

மின்சாரம் விற்கும் கம்பெனியை மாற்றினால் மின்சாரமும் மாறும் என்று நான் நம்பினேன். சிரிக்காதீர்கள். லிட்டில் இந்தியாவில் இருக்கும் என் தோசை மாவுக் கடைக்குப் புதுக் கம்பெனியில் பதிந்த அன்று, "கிரைண்டர் சத்தமே இப்ப அமைதியா இருக்குல்ல?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"கிரைண்டர இன்னும் போடவே இல்லைங்க," என்றாள்.

அந்தக் கம்பெனியின் விலை மலிவு. அதற்குமேல் நான் எதையும் விசாரிக்கவில்லை. அவர்கள் மூடப்போவதாகச் செய்தி அனுப்பியிருந்ததையும், மாதத்தின் கடைசி நாளான சனிக்கிழமைதான் திறந்து பார்த்தேன். முதல் வரி: இந்த மாதத்தோடு சேவை நிறுத்தம். இரண்டாவது வரிக்கு நான் போகவே இல்லை. மின்வெட்டில் வளர்ந்த தமிழ்நாட்டுக்காரனுக்கு அந்த ஒரு வரி போதும். உடனே மெழுகுவர்த்தி தேடினேன், பட்டப்பகலில்.

குளிர்பெட்டி நிறைய மாவு. மறுநாள் காலை கோயில் மண்டபத்தில் ஒரு கல்யாணம், இட்லிக்கு எங்கள் மாவு. கரண்ட் போனால் அத்தனையும் பொங்கி வழிந்துவிடும். மார்சிலிங்கில் இருக்கும் எங்கள் வீட்டில் பழைய கம்பெனியின் இணைப்புதான். அதை மாற்ற மனைவி விடவில்லை. மாவை அங்கே கொண்டுபோக முடிவு செய்து, மாவு வாளிகளையும் ஐஸ் மூட்டைகளையும் வேனில் ஏற்றினேன்.

என்னிடம் மாவு வாங்கித் தோசை சுடும் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன அண்ணே, மீன் யாவாரமா?"

"கரண்ட் கம்பெனி மூடுறான்யா!"

"மூடாம? அவன் கரண்ட் தயாரிக்கிறவன் இல்ல லா, வாங்கி விக்கிறவன். நான் உங்க மாவ வாங்கி விக்கலையா, அது மாதிரி."

"நீ மூடலையே?"

"நான் உங்ககிட்ட வருஷத்துக்கு ஒரே விலைன்னு பேசி வச்சிருக்கேன். அவன் உங்களுக்கு ஒரே விலைன்னு வாக்குக் கொடுத்துட்டு, அன்னன்னைக்கு சந்தையில வாங்கியிருக்கான். அங்க விலை எகிறிருச்சு. சொந்த மின்நிலையம் வச்சிருக்கிறவனுக்கு அந்த அடி விழாது. நீங்களே அரைக்கிறீங்கள்ல, அந்த மாதிரி."

"சரிய்யா, ஐஸ் உருகுது!"

"அண்ணே, கம்பி அவனோடது இல்ல, கேளுங்க..."

நான் வேனைக் கிளப்பிவிட்டேன். நிர்வாகப் பாடம் கேட்கும் நேரமா அது?

வீட்டுக் குளிர்பெட்டியில் இரண்டு வாளிதான் நுழைந்தது. மற்ற வாளிகளைக் கூடத்தில், ஐஸ் பெட்டிகளுக்குள் அடுக்கினேன். "அந்தச் செய்திய முழுசாப் படிச்சீங்களா?" என்று மனைவி கேட்டாள். படித்தேன் என்றேன். பெரிய ஆபத்திலிருந்து குடும்பத்தைக் காப்பாற்றியவனுக்குரிய நிம்மதியோடு தூங்கினேன்.

செய்தியின் இரண்டாவது வரி இதுதான்: உங்கள் கணக்கு, கம்பிகளைப் பராமரிக்கும் நிறுவனத்துக்கு மாற்றப்படும், மின்சாரம் தடைபடாது. தடைபடவில்லை. கடையில் காலிக் குளிர்பெட்டி இரவெல்லாம் ஜில்லென்று ஓடியிருக்கிறது. மார்சிலிங்கில் ஐஸ் உருகி, மாவு பொங்கி, கூடத்துத் தரையில் வழிந்தது. கல்யாணத்தில் எல்லோரும் உப்புமா சாப்பிட்டார்கள்.