லாக்கரில் படித்த படிப்பு

பிள்ளைகளா, கொரோனா நேரத்தில் நீங்கள் இருவரும் மாற்றி மாற்றி வகுப்பு கவனித்த அந்த மூலை உடைந்த போன் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். தொலைந்துவிட்டது என்று சொன்னேன். அது பொய். ஹாலில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த என் ஐந்து சான்றிதழ்களை ஏன் கழற்றினேன் என்பதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

கும்மிடிப்பூண்டியில் எங்கள் கம்பெனி கேன்டீன் சுவரில் ஒருநாள் நோட்டீஸ் ஒட்டினார்கள். லைன் லீடர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். பெரியவர்களுக்காக இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாடங்களில் ஏதாவது ஐந்தை முடித்தவர்கள் இன்டர்வியூவுக்கு வரலாம். எந்தப் பாடமாக இருந்தாலும் சரி. லைன் லீடருக்கு நைட் ஷிப்ட் கிடையாது. பதினான்கு வருடமாக பிரஸ் மெஷின் ஓட்டுகிறேன். மாதத்தில் பத்து நாள், நீங்கள் பள்ளிக்குக் கிளம்பிய பிறகுதான் வீட்டுக்கு வருவேன். அது நின்றால் போதும் என்றுதான் அந்த வேலைக்கு ஆசைப்பட்டேன்.

நான் பத்தாவது பாஸ். இந்த வயதில் என்ன படிப்பு வேண்டுமானாலும் படிக்கலாம், யாரும் பிரம்பெடுக்க மாட்டார்கள் என்றதும் மனசு நிறைந்துபோனது. வானியல், உளவியல், மண்வளம், ரோமாபுரி வரலாறு, தலைமைப் பண்பு என்று ஐந்தில் சேர்ந்தேன். ஏன் ரோமாபுரி என்று உங்கள் அம்மா கேட்டாள். இருப்பதிலேயே அதுதான் குறைந்த மணி நேரம் என்று சொல்ல வெட்கப்பட்டு, ஆர்வம் என்றேன்.

சிக்கல் நேரம்தான். மீஞ்சூரில் கம்பெனி பஸ் ஏறியதும் எல்லோரும் வாயைப் பிளந்து தூங்குகிறவர்கள். உள்ளே போன் எடுத்துப்போக அனுமதி இல்லை. கேட்டில் புறாக்கூண்டு மாதிரி திறந்தே இருக்கும் லாக்கரில் வைத்துவிட வேண்டும். பஸ்ஸில் பின் சீட்டுக்காரர் ஒருவர்தான் வழி சொன்னார். "எட்டு மணி நேரம் போனு லாக்கர்ல சும்மாதான தூங்குது? அத்த படிக்கச் சொல்லு."

மெஷின் சும்மா நிற்கக்கூடாது என்று பழக்கப்பட்ட எங்களுக்கு இது நியாயமாகவே பட்டது. மறுநாளிலிருந்து பாடத்தை ஓடவிட்டு போனை லாக்கரில் வைத்தோம். இரண்டு வாரத்தில் இருபது போன்கள் அங்கே படித்துக்கொண்டிருந்தன. ஒன்றில் நெப்போலியன் தோற்பான், பக்கத்தில் ஒரு புரொபசர் மண்புழுவைப் புகழ்வார்.

கேட்டில் காவலுக்கு இருந்தது பழவேற்காட்டுப் பக்கம் மீன்பிடிக் குப்பத்திலிருந்து வரும் ஓர் அக்கா. கான்ட்ராக்ட் ஆள், கையில் பட்டன் போன்தான். கொசு பேட்டுக்கான பிளக்கில் எங்கள் போன்களுக்குச் சார்ஜ் போட்டுத் தந்ததும் அவர்தான். பாடம் நடுவில் நின்று கேள்வி கேட்கும், சரியாகப் பதில் அமுக்கினால்தான் மேலே ஓடும் என்பது எங்களுக்குத் தெரியவே தெரியாது. எங்கள் பாடங்கள் எப்படித் தடையில்லாமல் ஓடின என்று நாங்கள் யோசிக்கவும் இல்லை. கேன்டீன் போர்டில் என் பெயருக்கு நேராக ஐந்து பச்சை ஸ்டிக்கர் ஏறியது. 'நீங்கள் ஓர் உறுதியான மாணவர்' என்று எனக்கு மெயில் வந்தது. அதை உங்களிடம் இரண்டு முறை படித்துக் காட்டினேன், நினைவிருக்கும்.

இன்டர்வியூவில் மேனேஜர் என் சான்றிதழ்களைப் புரட்டிப் பார்த்து மகிழ்ந்துபோனார். "வானியல் படிச்சிருக்கீங்க. அமாவாசை, பௌர்ணமிக்கு ஏன் கடல் அதிகமா ஏறுது, சொல்லுங்க."

அமாவாசையன்று கேன்டீனில் முட்டை மிஞ்சும். எனக்குத் தெரிந்த வானியல் அவ்வளவுதான். முகம் கழுவிவிட்டு வருகிறேன் சார் என்று எழுந்து, நேராகக் கேட்டுக்கு ஓடினேன். கடலோரத்து ஆள், தெரிந்திருக்கும் என்று அக்காவிடம் கேட்டேன்.

"இத்தினி நாளா உன் போனுக்கு நான்தான பதில் அமுக்கிக்கினு இருந்தேன், அதுகூட தெரியாதா? சூரியன், நிலா, நம்ப பூமி மூணும் ஒரே கோட்டுல வந்துடுது. சூரியனும் நிலாவும் சேர்ந்து தண்ணிய இஸ்க்குது. தண்ணி ஏறும்னு எங்க ஊட்ல எல்லாருக்கும் தெரியும். ஏன்னு இப்பதான் தெரிஞ்சுது." தன் ஸ்டூல், என் தலை, குடிதண்ணீர் கேன் மூன்றையும் ஒரே வரிசையில் நிறுத்திக் காட்டினார்.

திரும்பிப் போய் அதை அப்படியே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. ரிஜெக்ட் ஆன பீஸை நல்ல பீஸோடு கலந்து அனுப்பக்கூடாது என்று பதினான்கு வருடமாகப் புதுசாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் நான். "சார், நான் படிக்கல. போன்தான் படிச்சது. பதில் போட்டது கேட்டில் இருக்கிற அக்கா," என்றேன். மற்றவர்களின் பெயரைச் சொல்லவில்லை.

வேலை எனக்குக் கிடைக்கவில்லை. எந்தக் கேள்வி கேட்டாலும் 'தொடர் முன்னேற்றம் சார்' என்று பதில் சொன்ன பின் சீட்டுக்காரருக்குக் கிடைத்தது. மறுநாள் இன்னொரு நோட்டீஸ்: லாக்கரில் வைக்கும் போன்களை அணைத்துவிட வேண்டும். 'வாழ்நாள் முழுவதும் கற்போம்' என்ற அந்தக் கேன்டீன் போர்டுக்கு நேர் கீழேயே அதையும் ஒட்டினார்கள்.

நான் உண்மையைச் சொன்னதால் லைன் லீடர் வேலை கைநழுவியதுகூடப் பெரிதாகத் தோன்றவில்லை. அக்காவின் பள்ளிக்கூடமும் அதோடு மூடிவிட்டது. அவருக்கு மெமோ வரவில்லை. பதில் அமுக்கியது அவர்தான் என்று நான் சொல்லியும், கூப்பிட்டு விசாரிக்கும் அளவுக்கு யாரும் அவரைப் பொருட்படுத்தவில்லை. "உன் போன்ல ரோமாபுரி ராஜாவ குத்துற எடத்துல லாரி வந்துடுச்சு. வேற போன்ல மிச்சத்த பாக்கறதுக்குள்ள எல்லாம் நின்னுபோச்சு. அப்புறம் இன்னா ஆச்சு?" என்று என்னிடம் கேட்டார். அந்தப் பாடத்துக்குச் சான்றிதழ் வாங்கியவன் நான். எனக்குத் தெரியவில்லை.

அந்த மூலை உடைந்த போனை அவருக்குக் கொடுத்தேன். அவர் பெயரிலேயே பாடங்களிலும் சேர்த்துவிட்டேன். அதற்குக் கம்பெனி அனுமதி வேண்டியதில்லை. இப்போது வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் படிக்கிறார், மூன்றாவது பாடம்.

நான் வானியலை முதலிலிருந்து மறுபடி தொடங்கியிருக்கிறேன், சாதாரண வேகத்தில். பஸ்ஸில் பாதிப் பாடம் தூங்கிவிடுகிறேன். காலையில் கேட்டில் பையைத் திறந்து காட்டும்போது அக்கா கேள்வி கேட்கிறார். தெரியவில்லை என்றால் பையை மெதுவாகத்தான் சோதிப்பார். பின்னால் வரிசை நிற்கும். அதற்காகவாவது படிக்கிறேன்.