இரண்டு படகு தூரம்

எங்கள் கல்லூரிப் படகு அணியில் ஐந்து பேர். நான்கு பேர் துடுப்புப் போடுவோம், ஐந்தாமவள் கத்துவாள். அவளுக்கு அலாரம் என்று பெயர் வைத்தது நான்தான். யாருக்கும் பிடிக்காததைச் சரியான நேரத்தில் சத்தமாகச் சொல்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது?

அவள் அப்பாவுக்குப் பேருந்து நிலையத்துக்கு எதிரே செருப்புக் கடை. சுவர் முழுக்க அட்டைப் பெட்டிகள், நடுவில் சிவப்பு ரெக்ஸின் போட்ட பெஞ்சு, கால் மட்டும் தெரிகிற மாதிரி தரையில் சாய்த்து வைத்த கண்ணாடி. பள்ளியில் படிக்கும்போதே மாலையில் அவள்தான் ஸ்டூலில் ஏறிப் பெட்டி எடுத்துக் கொடுப்பாள். கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க மாட்டாள். “அக்கா, இது உங்களுக்கு அகலம் பத்தாது. ரெண்டே நாள்ல சுண்டு விரலக் கடிக்கும்.” ஆசையாக எடுத்ததை அந்த அக்கா கீழே வைத்துவிட்டுப் போய்விடுவார். அப்பா தலையில் அடித்துக்கொள்வார். ஒருநாள் அவரே எங்களிடம் சொன்னார்: “கூட்டமான நாள்ல இவள உள்ளே ஸ்டாக் எண்ண அனுப்பிடுவேம்மா. ஆனா ஒண்ணு, இவ பாத்துக் குடுத்த ஜோடி ஒண்ணுகூட திரும்பி வந்ததில்ல.”

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே எங்கள் கோச் அவளைப் பிடித்துவிட்டார். நாற்பத்திரண்டு கிலோ, மூன்று மாடி கேட்கும் குரல். படகின் பின்முனையில் உட்கார்ந்து சுக்கான் பிடிக்கிறவருக்கு இந்த இரண்டும்தான் தகுதி. அவரைக் காக்ஸ் என்போம்.

காக்ஸுக்கு இன்னொரு வேலையும் உண்டு. துடுப்புப் போடுகிற நாங்கள் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருப்போம். நாங்கள் முந்திவிட்ட படகுகள் கண்ணில் படும். நம்மை முந்திப் போனவை படாது. தலையைத் திருப்பினால் படகு ஆடும் என்பதால் கோச் அதற்கும் தடை போட்டிருந்தார். ஆக, முன்னால் நடப்பதைப் பார்க்கிற ஒரே ஜோடிக் கண்கள் காக்ஸுடையவை. அவளுக்கு நேர் எதிரே, முழங்கால் இடிக்கிற தூரத்தில், முதல் துடுப்பான நான். பந்தயம் முழுக்க நான் பார்ப்பது அவள் மூஞ்சியைத்தான்.

மூன்றாம் வருடம் அந்தச் சனிக்கிழமைப் போட்டிக்குப் போனோம். தகுதிச் சுற்றில் நான்கு படகுகள், இரண்டாயிரம் மீட்டர். பாதித் தூரத்தில் அலாரம் அடித்தது.

“கடைசி! மூணாவது படகு ரெண்டு நீளம் முன்னாடி!”

கேட்ட மாத்திரத்தில் என் கை விட்டுப்போனது. பொய் சொல்வானேன், நான்தான் முதலில் தளர்ந்தேன். முதல் துடுப்பு தளர்ந்தால் பின்னால் இருக்கிற மூன்று பேரும் தளர்வார்கள். ஐந்து படகு நீளம் பின்தங்கி, கரையில் யாரோ பரிதாபப்பட்டுக் கைதட்ட, வந்து சேர்ந்தோம்.

படகைத் தோளில் தூக்கிவந்து தாங்கியில் கவிழ்த்தோம். அதற்கப்புறம் நான் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

“தோத்துக்கிட்டு இருக்கோம்னு சொல்றதுக்கு ஒரு ஆளா? இன்னும் கொஞ்சம்தான், பக்கத்துல இருக்கோம்னு சொன்னா உன் வாய் சுளுக்கிக்குமா?”

“பக்கத்துல இல்லையேடி.”

“நாளைக்குத் தோத்தவங்களுக்கு ரெண்டாவது சான்ஸ் இருக்கு. அதுலயும் இப்படிக் கத்தறதா இருந்தா நீ வர வேண்டாம். ஜூனியர் டீம் காக்ஸ் சும்மாதான் இருக்கா.”

அவள் முகத்தில் ஈயாடவில்லை. எங்கள் அணியில் கடைசித் துடுப்புப் போடுகிற நெட்டைக்காரி, கொக்கு என்போம், அவளாவது குறுக்கே வந்து ஏதாவது சொல்லியிருக்கலாம். குனிந்து காலுறையைப் பிழிந்துகொண்டிருந்தாள். நடுவில் உட்காரும் இரண்டு பேரும் துடுப்புகளைத் துடைக்கப் போய்விட்டார்கள். கோச்சிடம் கேட்டால், “அவ எதிர்ல உக்கார்றது நீதான், நீயே முடிவு பண்ணு” என்று கழன்றுகொண்டார்.

அவளுக்கு அந்த இடத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். கடையில் உள்ளே போ என்பார்கள், வகுப்பில் உட்கார் என்பார்கள். கத்து என்று அவளிடம் சொன்ன ஒரே இடம் எங்கள் படகுதான். தெரிந்துகொண்டேதான் சொன்னேன். கோபம்.

ஞாயிறு காலை வானம் மூடிக்கிடந்தது. அலாரம் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள்.

“நீங்க கேக்கணும்னு ஆசப்படறதையே சொல்றேன். படகுல ஏத்திக்கோ” என்றாள்.

கண்ணாடி எதற்கு என்று நான் கேட்கவில்லை. வெயிலே இல்லாத நாளில் அது எதற்கென்று எனக்குப் புரியாதா? பொய் சொல்லும்போது அவள் கண்ணை நான் பார்த்துவிடக் கூடாது. இனி அவள் வாயிலிருந்து வருவது எதுவும் கணக்கில்லை என்று அப்போதே முடிவுகட்டிவிட்டேன். ஆனால் என் முதுகுக்குப் பின்னால் இருந்த மூன்று பேருக்கும் அவள் கண் தெரியாது. குரல் மட்டும்தான்.

அன்றும் நான்கு படகுகள். முதல் இரண்டுக்கு இறுதிச் சுற்று. பாதித் தூரத்தில் அவள் கத்தினாள்: “மூணாவது! ரெண்டாவது படகு ஒரே நீளம்தான்! புடிச்சிடலாம்!”

பின்னாலிருந்து படகு ஒரு தள்ளு தள்ளியதை இடுப்பில் உணர்ந்தேன். மூன்று பேரும் நம்பிவிட்டார்கள். மூன்று வருடமாக ஒரு பொய் சொல்லாதவள் சொன்னால் யார்தான் நம்ப மாட்டார்கள்? அவர்கள் இழுக்க, நானும் இழுத்தேன். “முக்கால்! அரை!” என்று பொய் முன்னால் ஓடியது, படகு அதன் பின்னாலேயே ஓடியது. கடைசி இருநூற்றைம்பது மீட்டரைக் காட்டும் சிவப்பு மிதவைகள் தொடங்கிய இடத்தில் எதிராளியின் துடுப்பு என் ஓரக்கண்ணில் பட்டது. அரை மூச்சு வித்தியாசத்தில் இரண்டாவதாக வந்தோம்.

ஈரப் புல்லில் உட்கார்ந்து வாழைப்பழமும் பிஸ்கட்டும் தின்றோம். எல்லோருக்கும் வாய் கொள்ளாத சிரிப்பு. அலாரம் மட்டும் உரித்த பழத்தைக் கையிலேயே வைத்திருந்தாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

“ஒரு நீளம்னு சொன்னேன்ல, அது பொய். ரெண்டு நீளம் இருந்துச்சு. நேத்து சொன்ன அதே ரெண்டு.” பிறகு என்னைப் பார்த்தாள். “சாயங்காலம் ஃபைனல்ல எனக்கு இப்படிச் சொல்ல வராது. ஜூனியர் பொண்ணக் கூப்டுக்கோங்க.”

எனக்கு வெட்கமாக இருந்தது. கொக்கு பிஸ்கட்டை மெல்லுவதை நிறுத்தினாள்.

“இரு, இரு. ரெண்டா?”

“ரெண்டு. கொஞ்சம் கூடவே.”

“அந்த ரெண்டையும் நாமளா புடிச்சோம்?”

“வேற யாரு புடிச்சா?”

கொக்கு எழுந்து நின்று ஏரியைப் பார்த்தாள். பாதித் தூர மிதவை எங்கே, முடிவுக் கோடு எங்கே என்று கையை நீட்டி அளந்தாள். “அடிப்பாவி, இத மொதல்லயே சொல்லக் கூடாதா!” என்றாள். நடுவில் உட்காரும் இருவரும் ஒருவரை ஒருவர் கிள்ளிக்கொண்டார்கள். ஜூனியர் பெண்ணைப் பற்றி யாரும் பேச்சே எடுக்கவில்லை. நான் மட்டும் எடுக்கவா போகிறேன்?

மாலை இறுதிச் சுற்றில் ஆறு படகுகள். கிளம்பும்போதே பின்தங்கினோம். பாதித் தூரத்தில் அவள் கண் சுருங்குவதைப் பார்த்தேன். வரப்போவது எனக்குத் தெரிந்துவிட்டது.

“கடைசி! அஞ்சாவது படகு ரெண்டு நீளம் முன்னாடி!”

என் கைக்கு நேற்றைய பழக்கம் போகவில்லை. ஒரு கணம் தயங்கியது. அப்போது படகின் மறுகோடியிலிருந்து, மூச்சு வாங்க, கொக்கு கத்தினாள்:

“ரெண்டுதானே!”

நால்வரும் சேர்ந்து இழுத்தோம். அவள் உள்ளதை உள்ளபடி எண்ணிக்கொண்டே வந்தாள். ஒன்றே முக்கால், ஒன்றரை, திரும்பவும் ஒன்றே முக்கால், ஒன்று. கடைசியில் ஐந்தாவதாக வந்தோம். பதக்கம் இல்லை. எங்கள் கல்லூரி அதுவரை தொடாத நேரம்.

துடுப்பின் மேல் கவிழ்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். அவள் படகைக் கரைப் பக்கம் மெல்லத் திருப்பினாள். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, அவளுக்கும் மெதுவாகப் பேச வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது, கேட்டாள்:

“நாளைக்குப் ப்ராக்டீஸுக்கு நான் வரணுமா?”

“நேத்து நான் பேசினது தப்புடி,” என்றேன். “ஆறு மணிக்கு வந்துடு. நீ வரலன்னா எங்களுக்கு யாரு சொல்லுவா?”